புதுமைப்பித்தன்: ஒதுக்கப்பட்டோரும் வாசகரும்

கதையில் வரும் ஏழையைக் கண்டு இரங்குவது வாசகருக்கு எளிது. இரக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. இரங்குகிறவர் எப்போதும் ஒரு படி மேலே நின்றுதான் இரங்குகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடியதும் அவருடைய கடமை முடிந்துவிடுகிறது. ஊரால் ஒதுக்கப்பட்டவர்களை, சேரியிலும் சந்திலும் நடைபாதையிலும் கிடந்தவர்களைத் தமிழ்ச் சிறுகதைக்குள் அழைத்துவந்து, அந்த வசதியை வாசகருக்குத் தர மறுத்தவர் புதுமைப்பித்தன். அவருடைய கதைகள் 1934-இல் ஒருவகை வாசகரைச் சங்கடப்படுத்தின. 80 ஆண்டுகள் கழிந்து 2014-இல் முற்றிலும் வேறொருவகை வாசகரைப் புண்படுத்தின. 42 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த அப்படைப்பாளியின் வரலாற்றை, அவர் படைத்த ஒதுக்கப்பட்ட மாந்தரையும் அவர்களை எதிர்கொண்ட வாசகரையும் முன்னிறுத்தி நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் அலுவலர், தாயார் பர்வதத்தம்மாள். குடும்பம் திருநெல்வேலிச் சைவ வேளாளர் மரபினது. தந்தையின் பணிமாற்றங்களுக்கேற்பச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராக இளமை கழிந்தது. எட்டு வயதளவில் தாயை இழந்தார். தந்தை ஓய்வு பெற்று 1918-இல் திருநெல்வேலிக்குத் திரும்பியபின் பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் அவருடைய கல்வி தொடர்ந்தது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாரை மணந்தார்.

மகன் தம்மைப்போல் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனோ நாவல்களிலும் பிறமொழிக் கதைகளிலும் மூழ்கிக் கிடந்தார். இருவருக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. வேலையும் நிலையான வருவாயும் இன்றி, எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்து சென்னைக்கு வந்தார். நிலமும் கல்வியும் அரசுப் பதவியும் உடைய ஒரு குடியிலிருந்து கிளம்பி, மாதக் கடைசியை எண்ணி அஞ்சும் பத்திரிகைத் தொழிலாளியானவர் அவர். பிறப்பால் கிடைத்த பார்வை ஒன்று. வாழ்வில் பட்டுப் பெற்ற பார்வை மற்றொன்று. ஒதுக்கப்பட்டோரைப் பற்றிய அவர் கதைகளில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. அம்மோதலை உணராத வாசகர் அவரைப் பாதியாகவே அறிவார்.

மணிக்கொடிக் காலம்

1933-இல் 'காந்தி' இதழில் அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சேறியது. அவ்வாண்டு செப்டம்பரில் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் 'மணிக்கொடி' வார இதழைத் தொடங்கியிருந்தனர். 1934 ஏப்ரல் முதல் அதில் புதுமைப்பித்தனின் கதைகள் அடுத்தடுத்து வெளிவரலாயின. அடுத்த ஆண்டு பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் 'மணிக்கொடி' சிறுகதை இதழாக மாறியபோது அவருடைய இடம் மேலும் உறுதியாயிற்று.

சிறுகதை அப்போது தமிழில் இளம் பயிர். காதல், தேசபக்தி, சீர்திருத்தம் ஆகிய மூன்று பாத்திகளுக்குள் அது வளர்ந்துகொண்டிருந்தது. பாத்திக்கு வெளியே முளைத்தவர்களைப் புதுமைப்பித்தன் பார்த்தார். 1934-இல் எழுதிய 'பொன்னகரம்' அதற்குச் சான்று. அம்மாளு ஆலைக் கூலி. அவள் கணவன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் கணவன் பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. இருண்ட சந்தில் அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனிடம் அவள் முக்கால் ரூபாய் ஈட்டி வருகிறாள். கதை அவ்வளவே. ஆசிரியர் அம்மாளுவுக்காக மன்னிப்புக் கோரவில்லை. அவளைக் கண்ணகியாகவும் ஆக்கவில்லை. இறுதியில் திரும்பிக் கற்பைப் பற்றிப் பேசுவோரைக் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்.

அக்கேள்வியே கதையின் புகழுக்கும் குறைக்கும் காரணமாயிற்று எனலாம். இக்கதையைப் பற்றி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் கற்பு என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. அம்மாளு செய்தது தகுமா தகாதா என்று வழக்காடியவர்கள் பலர். ஆலையில் நாள் முழுதும் உழைத்தவளிடம் ஒரு வேளைப் பாலுக்குக் காசில்லாதது ஏன் என்று கேட்டவர்கள் சிலரே. ஒதுக்கப்பட்ட மாந்தரை எதிர்கொள்ளும் வாசகர் முதலில் நீதிபதியின் நாற்காலியைத் தேடுகிறார் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும். அந்த நாற்காலியில் வாசகரை அமரச் செய்துவிட்டு, விசாரிக்கப்படுபவர் அவரே என்று இறுதியில் உணர்த்துவது புதுமைப்பித்தனின் உத்தி.

அதே ஆண்டில் வெளிவந்த 'புதிய நந்தன்' மற்றொரு சான்று. 1934-இன் தொடக்கத்தில் காந்தியடிகள் அரிசன முன்னேற்ற நிதிக்காகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்திருந்தார். தீண்டாமை ஒழிப்பு மேடைப் பொருளாயிருந்த காலம் அது. பழைய நந்தனின் ஆதனூரையே களமாகக் கொண்டு, காந்தியம் பேசும் உயர்சாதி இளைஞனையும் சேரியில் பிறந்து வெளியேறித் தன்மானம் பேசித் திரும்பும் இளைஞனையும் முதியவர் கருப்பனையும் ஒரே இரயில் பாதையில் கொண்டு நிறுத்துகிறார் ஆசிரியர். மூவருக்கும் அங்கே கிடைக்கும் சமத்துவம் சாவு ஒன்றே.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைக் கதாகாலட்சேபத்தில் கேட்டுக் கண்ணீர் பெருக்கியவர்கள் 19-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு உண்டு. பாட்டில் வந்த நந்தனுக்காக அழுதவர்கள், தங்கள் ஊர் நந்தனைக் கோயில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலையில்தான். கண்ணீருக்கும் கதவுக்கும் தொடர்பில்லை என்பதைப் புதுமைப்பித்தன் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே கண்டுகொண்டார். எனவேதான் தம் நந்தன் கதையில் அழுவதற்கு இடம் வைக்கவில்லை.

துன்பக்கேணியில் மருதி

1935-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'துன்பக்கேணி' அவருடைய நீண்ட கதைகளுள் ஒன்று. நெல்லைச் சீமைச் சேரியைச் சேர்ந்த மருதி, கணவன் சிறைக்குச் செல்ல, ஊரில் பிழைக்க வழியின்றி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறாள். பண்ணையாரின் ஆதிக்கத்திலிருந்து தப்பியவள் தோட்டத்து ஆதிக்கத்தில் அகப்படுகிறாள். அவளுடைய உழைப்பும் உடலும் ஒருசேரச் சுரண்டப்படுகின்றன; நோய் மிஞ்சுகிறது.

அந்நாளில் கங்காணிகளின் வழி இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டது. அன்றைய சேலம் மாவட்டமும் கூலிகளை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. நம் தருமபுரி அப்போது சேலத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் நாளில்தான். திறன்சாராத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது 1939-இல். அதற்கு நான்காண்டுகள் முன்னரே இக்கதை எழுதப்பட்டுவிட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டையோடு பேருந்தேறும் குடும்பங்களைக் காணும் நம் மாவட்டத்து வாசகருக்கு, மருதியின் கப்பல் பயணம் தொலைதூரச் செய்தியாகத் தோன்ற வழியில்லை.

எதிர்ப்பும் விடையும்

'ஊழியன்' இதழில் சிறிது காலம் பணியாற்றியபின், 'தினமணி' நாளிதழின் ஆசிரியர் குழுவில் புதுமைப்பித்தன் சேர்ந்தார். 1940-இல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு, ரா. ஸ்ரீ. தேசிகனின் முன்னுரையோடு வெளிவந்தது. நம்பிக்கை தராத எழுத்து, வாழ்வின் அழுக்கையே கிளறும் எழுத்து என்ற குற்றச்சாட்டு அவரைத் தொடர்ந்து வந்தது. பசியையும் உடலை விற்றுப் பிழைப்பவரையும் இலக்கியம் பேசலாகாது என்னும் போக்கை அவர் தம் கட்டுரைகளில் கடுமையாக எள்ளினார். 1943-இல் வெளிவந்த 'காஞ்சனை' தொகுப்பின் முன்னுரையில், உலகை உய்விக்கும் ஒப்பந்தம் எதையும் தாம் ஏற்கவில்லை என்ற கருத்துப்பட எழுதினார்.

இதனை வெறும் குறும்பாகக் கொள்வார் உண்டு. ஒதுக்கப்பட்டவரை உய்விக்கப் புறப்படும் எழுத்தாளர், அவரை உய்விக்கத்தக்க நல்லவராகவே காட்ட வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்மறுப்பின் பொருள் விளங்கும். நல்லவராயிருந்தால்தான் இரங்குவோம் என்னும் வாசகரோடு புதுமைப்பித்தன் உடன்படிக்கை செய்துகொள்ள மறுத்தார். குடிப்பவனும் பொய் சொல்பவளும் அவர் கதையில் இடம்பெற்றதற்குக் காரணம் அதுவே.

1941-இல் எழுதிய 'மகாமசானம்' இதன் உச்சம். பெருநகரச் சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். கூட்டம் தன் வழியே போகிறது. மாம்பழம் வாங்க வந்த தந்தையோடு வந்த சிறு குழந்தை ஒன்றே அவரை நின்று பார்க்கிறது. குழந்தையின் பார்வையில் இரக்கமும் இல்லை, அருவருப்பும் இல்லை. தீர்ப்பு வழங்கக் கற்காத கண் அது. வாசகரிடம் புதுமைப்பித்தன் எதிர்பார்த்த பார்வை எதுவென்று கேட்டால், இக்குழந்தையைச் சுட்டலாம். 1943-இல் எழுதிய 'சாபவிமோசன'த்தில் அகலிகையை மீண்டும் கல்லாக்கியபோதும் இதே கேள்வியையே அவர் எழுப்பினார். இராமனால் மன்னிக்கப்பட்டவளுக்கு, சீதையிடம் நெருப்புக் கேட்ட செய்தி மன்னிப்பின் விலையை உணர்த்திவிடுகிறது. மரபைப் போற்றிய வாசகர் பலருக்கு அக்கதை உவப்பாக இல்லை.

இறுதி நாட்கள்

1943-இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கத்தோடு பலர் 'தினமணி'யிலிருந்து விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். 'தினசரி' நாளிதழில் சில காலம் பணியாற்றிப் பின்னர்த் திரையுலகில் நுழைந்தார். ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' படத்துக்கான எழுத்துப் பணியில் அவருக்குப் பங்குண்டு. அப்படம் அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து 1953-இல் வெளிவந்தது. அதியமானையும் ஔவையையும் போற்றும் தகடூர் மண்ணினர் இத்தொடர்பை நினைவில் கொள்ளலாம். சொந்தமாகப் படம் எடுக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார்; அது கைகூடவில்லை; பொருளிழப்பே எஞ்சியது.

தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே சென்றிருந்தபோது காசநோய் முற்றியது. அந்நோய் அன்று குடும்பங்களை அஞ்சி ஒதுங்கச் செய்த நோய். ஒதுக்கப்பட்டோரை எழுதியவர் இறுதியில் வறுமையும் நோயுமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1948-இல் அங்கேயே காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 1951-இல், நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். தமிழ் எழுத்தாளர் வரலாற்று நூல்களுள் அது இன்றும் தனியிடம் வகிப்பதாகும். 2002-இல் தமிழக அரசு புதுமைப்பித்தனின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது.

பின்வந்த வாசகர்

படைப்பாளியின் வாழ்வு முடிந்தபின்னும் படைப்பின் வாழ்வு தொடர்கிறது. புதுமைப்பித்தனின் வாசகர் கூட்டம் அவர் காலத்தில் மிகச் சிறியது. படித்த, நகரம் சார்ந்த, பெரும்பாலும் உயர்சாதியைச் சேர்ந்த ஆடவர் கூட்டம் அது. மருதியின் கதையை 1935-இல் படித்தவருள் மருதி இல்லை. அவளுக்கு எழுத்து எட்டவில்லை. கதை அவளைப் பற்றியதாக இருந்ததேயன்றி அவளை நோக்கியதாக இல்லை.

1990-களில் இந்நிலை மாறியது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் இலக்கியம் வலுப்பெற்றது. 1992-இல் பாமாவின் 'கருக்கு', 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எனப் புதிய படைப்புகள் தோன்றின. பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் புதுமைப்பித்தனையும் பாடமாகப் படித்தனர். அவர்கள் கேட்ட கேள்விகள் முந்தைய வாசகர் கேளாதவை. சேரியை வருணிக்கும்போது ஆசிரியர் எங்கே நிற்கிறார்? ஊர்த் தெருவிலா, சேரித் தெருவிலா? எள்ளல் பண்ணையாரைச் சுடும்போது, அதன் பொறி சேரியின்மேலும் விழுவதேன்? மருதி துன்புறுகிறாள், அவள் சிந்திப்பதற்கு எத்தனை பக்கங்கள் தரப்பட்டுள்ளன? ராஜ் கௌதமன் 'புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்' என்ற நூலில் அவரை விரிவான மறுவாசிப்புக்கு உட்படுத்தினார். வழிபாட்டுக்குரியவராக நிறுத்தப்பட்டவரைத் திறனாய்வுக்குரியவராக மீட்ட முயற்சிகளுள் அந்நூல் குறிப்பிடத்தக்கது.

உள்ளிருந்து எழுதினால் இக்கேள்விகள் எழா என்றும் சொல்வதற்கில்லை. ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒதுக்கப்பட்ட சலவைத் தொழிலாளிப் பெண் ஆரோக்கியத்தின் வாழ்வைச் சொன்ன 'கோவேறு கழுதைகள்' தலித் திறனாய்வாளரிடையேயே கடும் விவாதத்தை உண்டாக்கியது. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படிக்கும் வாசகர் தோன்றியபின், எந்த எழுத்தாளரும் விசாரணைக்கு விலக்கானவர் அல்லர்.

2014-இல் இவ்விவாதம் கல்விக்கூடத்தை எட்டியது. 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' ஆகிய இரு கதைகளும் தலித் மக்களை இழிவுபடுத்துவதாக எழுந்த ஆட்சேபத்தைத் தொடர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றைத் தன் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. எழுத்தாளர் பலர் அம்முடிவை எதிர்த்தனர். ஆட்சேபித்தவர்களுக்கு இலக்கியம் தெரியாது என்று ஒரு சாராரும், ஆசிரியருக்குச் சாதிப் பார்வை இருந்தது என்று மற்றொரு சாராரும் கூறினர்.

ஆட்சேபித்தவரின் வலியை அறியாமை என்று தள்ளுவது, அவரை மீண்டும் ஒருமுறை ஒதுக்குவதாகும். நம் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7-ஆம் நாள், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. எரிந்தவற்றுள் பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் இருந்தன. அத்தகைய குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவி, சேரியைப் பற்றிய ஒரு வருணனையைச் சக மாணவர் நடுவே உரக்கப் படிக்கக் கேட்கும்போது, அது அவளுக்கு நடையியல் மட்டும் ஆகாது. அருகிலிருப்பவர் சிரிக்கிறாரா, தலைகுனிகிறாரா என்பதும் அவளுக்கு அக்கதையின் ஒரு பகுதியே.

எனினும் கதையை நீக்கியதனால் அம்மாணவிக்கு விளைந்த நன்மை என்ன? அவளுடைய முன்னோர் பண்ணையிலும் தோட்டத்திலும் பட்ட பாட்டை 1935-இலேயே பதிவுசெய்த ஒரு சான்று அவள் கைக்கு எட்டாமற் போயிற்று. ஆசிரியரை நோக்கி அவள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் வகுப்பில் எழாமற் போயிற்று. நீக்கம் இருவரையும் மௌனமாக்கியது. 'துன்பக்கேணி'யைக் கற்பிக்கும் முறை ஒன்றே உண்டு என்பது என் துணிபு. பண்ணையாரையும் தோட்டத்து அதிகாரத்தையும் ஆசிரியர் எப்படித் தோலுரிக்கிறார் என்று காட்ட வேண்டும். அதே ஆசிரியரின் கண் எந்த இடங்களில் ஊர்த் தெருவின் கண்ணாகி விடுகிறது என்றும் சுட்ட வேண்டும். இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். வாசகரை விசாரணைக் கூண்டில் நிறுத்திய ஒரு படைப்பாளி, தாமும் அதில் நிற்பதற்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார். வழிபாட்டை என்றும் எள்ளியவர் அவர்.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்துவரும் நம் வட்டத்தினர், ஒடுக்கப்பட்டோரைப் பற்றி எழுதாத ஆண்டில்லை. செங்கல் சூளையும் கல்குவாரியும் மாம்பழத் தோப்புக் கூலியும் நம் கவிதைகளில் இடம்பெற்றே வந்துள்ளன. அவற்றைக் கேட்டுக் கைதட்டுகிறோம். அக்கைதட்டலில் நந்தனார் காலட்சேபத்தின் கண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. சூளைக்காரரின் மகள் இந்த அரங்கில் அமர்ந்து இக்கவிதையைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்ற ஒரு கேள்வி, பல அடைமொழிகளை நம் கையாலேயே அடிக்கச் செய்யும்.

புதுமைப்பித்தனுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. அவர் எழுதிய நாளில் மருதி வாசகியாக அவர் முன் அமரவில்லை. நமக்கு அமர்ந்திருக்கிறாள், மருதியின் கொள்ளுப்பேத்தி இன்று வகுப்பின் முதல் வரிசையில் இருக்கிறாள். அவள் கையில் 'துன்பக்கேணி'யையும் கொடுப்போம். அதன் ஓரத்தில் அவள் கருத்தை எழுத ஒரு பேனாவையும் கொடுப்போம்.